தனித்தொழில் தொடங்குவோர் கவனத்திற்கு

ஊரில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இங்கே வீட்டிலிருந்து உடை தைத்துக் கொடுக்கிறாள். இணையத்திற் கண்ட தனியார் பதிவுச் சேவையொன்று, கம்பனியாகவே பதியவேண்டுமெனக் கூறி அவளிடம் பல நூறு டொலர்களைப் பெற்றுவிட்டது.

ஒன்ராறியோவில் தனியொருவர் தமது சொந்தப் பெயரில் தொழில் நடத்தப் பெயர்ப்பதிவே தேவையில்லை. வேறு பெயர் சூட்டினால் மாகாண அரசின் இணையப் பதிவகத்தில் 60 டொலர்; 5 ஆண்டுகள் செல்லும். கம்பனிக்கோ 300 டொலர்; இலாபமில்லா ஆண்டிலும் அதற்கெனத் தனி வரி அறிக்கை கொடுத்தாக வேண்டும். தொழிற்கடன் சொந்தச் சொத்தைத் தொடாதிருக்க விரும்புவோர்க்கே அது பொருந்தும்.

சேவையை நாடுமுன் கேளுங்கள்: அரச கட்டணம் எவ்வளவு? உங்கள் கூலி எவ்வளவு? அடுத்த ஆண்டும் அறவிடுவீர்களா? எழுத்தில் விடை தராதவரிடம் பணம் கொடாதீர்கள். அயலவர்க்கும் சொல்லிவையுங்கள்.