அஞ்சற்பெட்டியின் திறவுகோல் எவர் கையில்?

தன் வீட்டுத் திறவுகோலை அயலான் இடுப்பில் தொங்கவிட்டுவிட்டு, ‘அவன் நல்லவன், கேட்டபொழுதெல்லாம் கதவைத் திறந்துவிடுகின்றான், அதற்குக் கூலியும் கேட்பதில்லை’ என்று மகிழ்ந்திருப்பவனை அறிவுடையார் வீட்டுக்குடையவன் என்று கூறார். அவன் அவ் வீட்டில் ஒண்டியிருப்பவன், அவ்வளவே! இன்றைத் தமிழ் அமைப்புகளின் மின்னஞ்சல் வாழ்க்கை இத்தகையதாகவே உள்ளது. தாளின் தலைப்பில் தூய தமிழ் மிளிரும்; தமிழ்க்காப்பு முழக்கமும் இருக்கும். அதே தாளின் அடியில், மடல் விடுக்கவேண்டிய முகவரியாக ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பெற்றிருக்கும். உறுப்பினர் பட்டியல், கணக்கு, கையெழுத்துப் படி, கருத்துப் போர் ஆகிய எல்லாம் அந் நிறுவனத்தின் கிடங்கிலேயே துயில்கின்றன. இதனை இழிவென்று எவரும் உணரவில்லை, உணர்த்துவாரும் அரியர்.

இஃது உணர்ச்சிப் பேச்சன்று என்பதற்கு 2025 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் நிகழ்ச்சி ஒன்றே போதும். குசராத்தில் பெரிய எண்ணெய்த் துப்புரவாலையை நடத்தும் நயாரா நிறுவனத்தில் உருசிய நிறுவனமாகிய உரோசுநெப்ட்டுக்கு ஏறத்தாழப் பாதிப் பங்கு உண்டு. அக் கரணியத்தால் ஐரோப்பிய ஒன்றியம் சூலை 18 ஆம் நாள் நயாரா மீது தடை விதித்தது. அடுத்த சில நாள்களில் மைக்கிரோசாப்ட்டு நிறுவனம் நயாராவின் மின்னஞ்சல் முதலிய பணிகளை நிறுத்திவிட்டது. பணம் செலுத்தி, ஒப்பந்தம் செய்து பெற்றிருந்த பணிகள் அவை! ஆலை இருந்தது இம் மண்ணில். தொழிலாளர் இருந்தது இம் மண்ணில். தடை விதித்ததோ கடல் கடந்த ஒரு மன்றம். நயாரா தில்லி உயர்முறைமன்றத்தை நாடியது. திங்கள் முடிவதற்குள் பணிகள் மீண்டன. கோடிக்கணக்கில் வாணிகம் செய்யும் ஆலைக்கு வழக்கறிஞர் உண்டு; முறைமன்றம் உண்டு. ஒரு சிற்றூர்த் தமிழ்க்கழகத்தின் அஞ்சற்பெட்டி ஒருநாள் காலையில் திறவாவிடின், அக் கழகம் எந்த மன்றத்தின் கதவைத் தட்டும்?

நடுவணரசு இதனை முன்னரே உணர்ந்துகொண்டது போலும். தன் அலுவலர் ஏறத்தாழ 12 இலக்கம் பேரின் மின்னஞ்சலைப் புதியதொரு மேடைக்கு அது மாற்றியுள்ளது. அம் மேடை எவருடையது? செங்கற்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரியை அடுத்த வளாகத்தில் தலைமையகம் கொண்டுள்ள சோகோ நிறுவனத்தினுடையது. 1996 ஆம் ஆண்டில் வேறு பெயரில் தொடங்கப்பெற்று, 2009 இல் சோகோ எனப் பெயர் மாறிய இந் நிறுவனத்தை உருவாக்கியோருள் முதன்மையானவர் தஞ்சை மாவட்டத்தவராகிய சிரீதர் வேம்பு. 2023 ஆம் ஆண்டில் ஏழாண்டு ஒப்பந்தம் அதற்கு வழங்கப்பெற்றது. தென்பெருஞ்சாலையில் நாள்தோறும் பேருந்தில் செல்லும் செங்கற்பட்டு மக்களுள் எத்துணைப் பேர், தம் பேருந்து கடந்து செல்லும் ஊரிலுள்ள நிறுவனத்தின் மேடையில் தில்லி அமைச்சகங்களின் மடல்கள் செல்கின்றன என்று அறிவர்? இதில் பெருமையுறத் தக்கது உண்டு; அதனை மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அப் பெருமையோடு நின்றுவிடுதல் பேதைமை. இங்குக் கற்கவேண்டிய பாடம் வேறொன்று. நடுவணரசு மேடையை மாற்றியதே அன்றித் தன் பெயரை மாற்றவில்லை. அலுவலர் முகவரியின் இறுதியில் சோகோவின் பெயர் இல்லை. அரசின் களப்பெயரே உள்ளது. நாளை மேடை பிடிக்காவிடின் பெயரை எடுத்துக்கொண்டு வேறு மேடைக்குச் செல்லலாம். மடலெழுதுவோர் எவரும் முகவரியை மாற்றவேண்டியதில்லை. உடைமை என்பது இங்கேதான் தொடங்குகின்றது. மின்னஞ்சலில் மூன்று பொருள்கள் உள. ஒன்று பெயர், மற்றொன்று மடல்கள், மூன்றாவது அவற்றை வாங்கியும் விடுத்தும் இயங்கும் பொறி. இம் மூன்றும் தன்னிடம் இருப்பவனே முழு உடையவன். தமிழன் நடத்தும் நிறுவனத்திடம் வாடகைக்கிருப்பது அயலானிடம் வாடகைக்கிருப்பதினும் நன்று. ஆனால் வாடகை வாடகையே!

‘பொறியை நாமே நிறுவுவதா? அது பெருநிறுவனங்களின் வேலையன்றோ?’ என்று மலைப்போர்க்கு ஒரு செய்தி. மடல்களை ஏற்று வழிவிடும் போசுட்டுபிக்சு என்னும் மென்பொருளை வீட்சு வெனிமா என்பார் 1998 ஆம் ஆண்டில் உலகுக்கு வழங்கினார். அவர் ஒல்லாந்தர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில், தம் வாணிகத்தைக் காக்கக் கோட்டை கட்டிக் கதவடைத்துக்கொண்ட அதே ஒல்லாந்தரின் வழிவந்தவர்! முன்னோர் கோட்டை எழுப்பினர். இவரோ திறவுகோலையே எல்லார்க்கும் பொதுவாக வைத்துவிட்டார். பெட்டியிலுள்ள மடல்களை உரியவர்க்கு எடுத்துக்காட்டும் தவ்காட்டு என்னும் மென்பொருளைப் பின்லாந்து நாட்டு இளைஞர் ஒருவர் 2002 இல் வெளியிட்டார். இவை யாவும் கட்டற்ற மென்பொருள்கள். எவரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

முன்பெல்லாம் இவற்றை ஒரு கணினியில் ஒருங்கே நிறுவுதல் பெருந்தொல்லை. ஒன்றுக்கு வேண்டியது மற்றொன்றுக்குப் பகையாகும். ஒன்றைப் புதுக்கினால் வேறொன்று முடங்கும். 2013 இல் வந்த இடாக்கர் என்னும் கொள்கல முறை இத் தொல்லையைப் பெரிதும் குறைத்தது. துறைமுகத்துச் சரக்குப் பெட்டியைப் போல, ஒரு மென்பொருளும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களும் ஒரே கொள்கலத்தில் அடைக்கப்பெறுகின்றன. எக் கணினியில் இறக்கினும் அஃது அவ்வாறே இயங்கும். அஞ்சல் வாங்கி, பெட்டி, குப்பை வடிகட்டி, நச்சுநிரல் தேடி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஆயத்தக் கொள்கலங்கள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு சிறு கழகத்திற்கு 2 கிகாபைட்டு நினைவகம் உடைய எளிய வழங்கியே பெரும்பாலும் போதும்; நச்சுநிரல் தேடியையும் உடன் இயக்குவோர்க்கு இன்னும் சிறிது வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் மறத்தல் கூடாது: கொள்கலம் அழியலாம், மடல்கள் அழிதல் கூடா. எனவே மடல்களைக் கொள்கலத்தின் உள்ளே வையாது, வெளியே தனிக் கோப்பறையில் வைத்தல் வேண்டும். அதன் படியொன்று நாள்தோறும் வேறோர் ஊரிலுள்ள கணினிக்குச் செல்லுதல் வேண்டும். இதனைச் செய்யாது வழங்கி நடத்துபவன், கரையில்லா ஏரியில் நீர் தேக்குபவன்.

அடுத்தது பொறி இடுதல். பல்லவர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் விடைப்பொறி இருந்தது. அப் பொறியைக் கண்டே ஆவணம் அரசனுடையது என்று ஊரார் தெளிந்தனர். மின்னஞ்சலுக்கும் அத்தகைய பொறி இன்று இன்றியமையாதது. ‘இன்ன வழங்கியினின்று வரும் மடலே என் மடல்’ என்று களப்பெயர்ப் பதிவேட்டில் அறிவித்தல் ஒன்று. ஒவ்வொரு மடலிலும் மறைபொறி இட்டு, அதனை ஆராயும் திறவை அதே பதிவேட்டில் வெளிப்படையாக வைத்தல் மற்றொன்று. பொறியில்லா மடலை என்ன செய்யவேண்டும் என்று பிறர்க்குச் சொல்லி வைத்தல் வேறொன்று. வழங்கியின் எண்ணைக் கேட்டால் அதன் பெயரைச் சொல்லும் எதிர்ப்பதிவும் வேண்டும். 2024 ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் கூகுள் நிறுவனம் இத்தகைய அறிவிப்போ பொறியோ இல்லாத மடல்களை ஏற்கத் தயங்குகின்றது. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் விடுப்போர் எல்லாவற்றையும் செய்திருத்தல் வேண்டும் என்கின்றது. செய்யும் வேலை அரைநாள் வேலை. செய்யாவிடின் மடல்கள் குப்பைக்கூடைக்குச் செல்லும்.

இனிக் குப்பையைப் பற்றி. 1978 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், தம் கணினியை விற்பதற்காக ஏறத்தாழ 400 பேர்க்குக் கேளா மடலொன்றை விடுத்தார். முதல் குப்பையஞ்சல் அதுவே என்பர். அன்று பெய்த தூறல் இன்று வெள்ளமாகிவிட்டது. சொந்த வழங்கி நிறுவுவோன் முதல் கிழமையிலேயே இவ் வெள்ளத்தைக் காண்பான். இதனைத் தடுக்கக் கட்டற்ற வடிகட்டிகள் உள. 2001 இல் வெளிவந்த இசுபேம் அசாசின் என்னும் மென்பொருள் மடலின் ஒவ்வொரு கூற்றுக்கும் மதிப்பெண் இடும். பொறியின்மைக்கு இவ்வளவு, போலித் தலைப்புக்கு இவ்வளவு என்று கூட்டி, 5 ஐத் தொட்டால் குப்பை என்று குறிக்கும். முன்பின் அறியா வழங்கியை நோக்கிச் ‘சிறிது பொறுத்து மீண்டும் வருக’ என்று திருப்பிவிடும் முறையும் உண்டு. நேர்மையான வழங்கி மீண்டும் வரும். குப்பை வீசுவோருட் பலர் வாரார்.

இங்கேதான் தமிழர் தம் கருத்தை ஊன்ற வேண்டும். அவ் வடிகட்டியின் அமைப்பில், பயனர் எவ்வெவ் வெழுத்துகளில் மடலை எதிர்பார்க்கின்றார் என்று குறிக்க ஓரிடம் உண்டு. மேலையெழுத்து, உருசியம், சப்பானியம், கொரியம், சீனம், தாய் ஆகியவை அப் பட்டியலில் உள; தமிழுக்கு இடமில்லை. அதனால் தமிழ் மடல்கள் தள்ளப்பெற்றன என்று கூறுதல் பிழை. இயல்பு அமைப்பில் எவ்வெழுத்தையும் அது தடுப்பதில்லை. ஆயினும் கருவி செய்தோர் உள்ளத்தில் தமிழ் இருக்கவில்லை என்பது மட்டும் விளங்குகின்றது. அவரை நோவதால் பயன் என்ன? கருவியைத் தமிழ் கற்பிக்கவேண்டியவன் தமிழனே அன்றோ?

கற்பிக்கவும் வழி உண்டு. சொற்களின் வருகையை எண்ணிக் குப்பையையும் நன்மடலையும் பிரித்தறியும் பகுதியொன்று அவ் வடிகட்டியிலேயே உள்ளது.  நன்மடல் 200, குப்பை 200 என்று கற்ற பின்னரே அது தீர்ப்புக் கூறத் தொடங்கும். தமிழில் எழுதப்பெற்ற மடல்களை நன்மடல் என்று காட்டக் காட்ட, அது தமிழைத் தன் இயல்பாகக் கொள்ளும். பெருநிறுவனத்தின் வடிகட்டியோ உலகத்தார் அனைவர்க்கும் பொதுவாகத் தீர்ப்பிடுவது. ஒரு தமிழ்க்கழகத்தின் மடல் அதில் ஏன் வீழ்ந்தது என்று கேட்டால் விடை கூற ஆளிராது. சொந்த வடிகட்டியில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் கணக்கு மடலின் தலைப்பிலேயே இருக்கும். எனினும் ஐயப்பட்ட மடலை உடனே அழித்துவிடுதல் கூடாது. தனிப் பெட்டியில் இட்டுக் கிழமைக்கொருமுறை கண்ணால் பார்த்தல் வேண்டும். நூறு குப்பை உள்ளே வருவதினும் ஒரு நன்மடல் வெளியே வீழ்வது பெரிய கேடு.

இடர்கள் இல்லையா? உண்டு, மறைப்பது நேர்மையன்று. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் அஞ்சல் செல்லும் 25 ஆம் வாயில் அடைக்கப்பெற்றிருக்கும். நிலையான எண்ணும் கிடைக்காது. எனவே வழங்கியை வாடகை இடத்தில் வைக்கவேண்டி வரலாம். அவ் வெண்ணை முன்னர் வைத்திருந்தவன் குப்பை விடுத்தவனாயின், அவன் பழி புதியவன் தலையிலும் விழும். எல்லாம் செவ்வையாகச் செய்த பின்னும் பெருநிறுவனங்கள் சிறு வழங்கியின் மடலைச் சில கிழமை ஐயத்தோடு பார்க்கும். மென்பொருளைத் திங்கள்தோறும் புதுக்காவிடின் கள்வன் நுழைவான். இவற்றை ஒருவனே தாங்குதல் அரிது. தனியொருவன் தன் வீட்டுக்கென ஒரு வழங்கி நடத்தவேண்டும் என்று எவரும் கூறவில்லை. பத்துக் கழகங்கள் கூடி ஒன்று நடத்தலாம். பொறுப்பை மூவர் ஏற்கலாம். ஒருவர்க்கு மட்டும் கடவுச்சொல் தெரிந்திருப்பின், திறவுகோல் அயலானிடமிருந்து ஓர் ஆளிடம் மாறிற்றே அன்றிப் பொதுவுடைமையாகவில்லை.

‘புயலடித்து மின்சாரம் நின்றால் மடல்கள் போய்விடுமே’ என்று அஞ்சுவோரும் உளர். 2022 திசம்பர் 9 ஆம் நாள் இரவு மாண்டசு புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தது. இக் கரையோர மக்கள் அவ் விரவை மறவார். ஆனால் அஞ்சலின் நெறி கடற்கரையோரின் நெறியைப் போன்றதே. அலை சீறும்பொழுது தோணி கடலில் இறங்குவதில்லை, தணியும்வரை காத்திருக்கும். பெறும் வழங்கி உறங்கினால் விடுத்த வழங்கி மடலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். பொதுவாக நான்கைந்து நாள் காத்திருக்கும். ஒருநாள் இருட்டில் மடல் அழியாது.

இக் கரையிலேயே இதனைத் தொடங்கலாம் என்பதற்குக் கரணியம் பல. மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி 1957 முதல் கற்றச்சரை உருவாக்கி வருகின்றது. பட்டறைகளினின்று கடல்கடந்த நாடுகளுக்குச் சிலைகள் செல்கின்றன. அவற்றின் வரைவும் அளவும் விலைப்பேச்சும் மின்னஞ்சலில் செல்கின்றன. வடக்கே சிறுசேரியில் தமிழிளைஞர் ஆயிரக்கணக்கானோர் அயல்நாட்டு நிறுவனங்களின் வழங்கிகளை இரவும் பகலும் கண்விழித்துக் காக்கின்றனர். அவ் வறிவில் கிழமைக்கு ஒரு மணி நேரம் இவ் வூர்க் கழகத்துக்கும் பட்டறைக்கும் கிடைத்தால் போதும். கல் இங்கே, உளி இங்கே, கையும் இங்கே. சிலையை மட்டும் அயலான் செதுக்கித் தரவேண்டுமென்று காத்திருப்பது அறிவாமோ?

முகவரியையும் தமிழிலேயே எழுதும் நெறி 2012 ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பெற்றது. போசுட்டுபிக்சு 2015 முதல் அதனை ஏற்கின்றது. 2016 இல் செய்ப்பூர் நிறுவனம் ஒன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மின்னஞ்சல் முகவரி வழங்க முன்வந்தது. தமிழெழுத்து முகவரியைத் தமிழனுக்கு இராசத்தானத்தான் கொடுக்கவேண்டியிருந்தது! அம் முகவரிகளை ஏற்காத வழங்கிகள் இன்னும் பல. அவை ஏற்கும் நாள் தானே வாராது; தமிழ் முகவரியில் மடலெழுதுவோர் பெருகினால் வரும்.

ஆகவே செய்யத்தக்கது ஒழுங்காகச் செய்யத்தக்கது. ஒவ்வொரு தமிழமைப்பும் முதலில் தன் பெயரில் களப்பெயர் ஒன்றைப் பதிந்துகொள்ளட்டும். அது செய்ய இன்று ஒருநாள் போதும். அடுத்துத் தன் பழைய மடல்களின் படியைத் தன் கணினிக்குக் கொணரட்டும். அதன்பின் அண்டைக் கழகங்களோடு கூடிப் பொறியை நிறுவட்டும். இம் மூன்றும் முடிந்த அன்று, தாளின் தலைப்பிலுள்ள தமிழும் அடியிலுள்ள முகவரியும் ஒன்றையொன்று பார்த்து நாணவேண்டியிராது. திறவுகோல் அவரவர் மடியிலேயே இருக்கும்!