கல்பாக்கம் நமக்கு அத்தனை தூரமா?

சென்ற மாதம் வண்டிப்பெரியாறு பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பையன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன். பத்தாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண். "கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறார்களே, மனு போட்டாயா?" என்று கேட்டேன். "அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும் மாமா" என்றான். அவனுக்கு வயது 23. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கான அந்தப் பயிற்சிக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 18 முதல் 22 என்றுதான் அறிவிப்புகளில் வருகிறது. பட்டியல் இனத்தவருக்குச் சலுகை உண்டு. ஆனால் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த பாட்டனுக்கு ஏது பட்டா?

அணு உலை என்றதும் நாம் விஞ்ஞானியைத்தான் நினைக்கிறோம். உலையை இரவும் பகலும் ஷிப்டு போட்டு ஓட்டுகிறவர்களை நினைப்பதில்லை. கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதைக் குளிர்விப்பது தண்ணீரல்ல, உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரியும். தண்ணீர் பட்டால் வெடிக்கும். 1987இல் எரிபொருள் மாற்றும்போது உள்ளே ஒரு குழாய் வளைந்துபோனது. அதைச் சரிசெய்து உலையை மறுபடி ஓட்ட இரண்டாண்டு ஆயிற்று. அந்த வேலையைக் கையால் செய்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அவர்கள் கற்றதில் பாதியாவது ஏட்டில் ஏறியிருக்குமா என்பது என் சந்தேகம்.

உலகத்தில் ஓடும் ஆய்வு உலைகள் சுமார் 220. பாதிக்கு மேல் 40 வயது கடந்தவை. நம் கல்பாக்கம் உலைக்கும் 2025இல் 40 நிறைந்தது. கட்டுப்பாட்டு அறையில் உட்காரத் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். அதற்குச் சில வருஷம் பிடிக்கும். ஆகவே பெரியவர் இருக்கும்போதே இளையவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சில வருஷம் ஆளே எடுக்காமல் இருந்துவிட்டு ஒரேயடியாக நூறு பேரை எடுத்தால் சொல்லிக்கொடுக்க யார் இருப்பார்? இதை அணுசக்தித் துறைதான் யோசிக்க வேண்டும்.

பிள்ளையை அணு உலைக்கு அனுப்புவதா என்று சில தாய்மார் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உலைக்குள் வேலை செய்கிறவர் கதிர்வீச்சை அளக்கும் பட்டையை மார்பில் அணிகிறார். அளவுக்கு உச்ச வரம்பும் உண்டு. அதற்கு மேலான பாதுகாப்பு, பக்கத்தில் நிற்பவரின் தேர்ச்சி.

கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் நம் சங்கம் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறது. அதே பந்தலில் இந்த அறிவிப்புகளை ஒட்டி, சான்றிதழ் மனு எழுதிக் கொடுக்க இரண்டு பேரை உட்கார வைக்கலாம் என்று அடுத்த செயற்குழுவில் கேட்கப் போகிறேன். வண்டிப்பெரியாறு பையனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். எலெக்ட்ரீஷியன் படிக்கிறான். வயது 17.