'ஆனர்ஸ்' என்ற நாலெழுத்துக்கு என்ன விலை?

மே மாதம் பிளஸ்-2 ரிசல்ட் வந்தால் போதும். சென்னையில் இரண்டு இடத்தில் கூட்டம் கூடும். ஒன்று, காலேஜ் வாசல். இன்னொன்று, அடகுக்கடை வாசல்.

விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது. ஆனாலும் அப்பா-அம்மாக்கள் பைலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பது குறையவில்லை. அதிலும் பி.காம். என்றால் தள்ளுமுள்ளு.

வண்ணாரப்பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் ஒருவர். பையன் காமர்ஸ் குரூப். மார்க் நல்ல மார்க். அரசு உதவி பெறும் பிரிவில் சாதா பி.காம். சீட்டு கிடைக்கும் நிலை. பீஸும் கையைக் கடிக்காது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "பி.காம். ஆனர்ஸ்தான் வேணும்" என்று ஒரே பிடிவாதம்.

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"ஆனர்ஸ்னா வேல்யூ ஜாஸ்திப்பா."

"என்ன வேல்யூ?"

பையனிடம் பதில் இல்லை. வாசலில் நின்ற மற்ற அப்பாக்களுக்கும் தெரியவில்லை. அம்மா கழுத்துச் சங்கிலி மட்டும் அடகுக்கடைக்குப் போய்விட்டது.

பையன் ஆசைப்பட்டது தப்பு இல்லை. 'என்ன வேல்யூ' என்ற கேள்வியைக் காலேஜ் ஆபீசில் ஒருவரும் கேட்காமல் பணம் கட்டினார்களே, அதுதான் தப்பு.

மயிலாப்பூர் போர்டு

ஆனர்ஸ் என்ற வார்த்தைக்கு இந்த ஊரில் இவ்வளவு மவுசு எப்படி வந்தது? அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

அந்தக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தவர்கள் இரண்டு வருடத்தில் சாதா பி.ஏ. வாங்கலாம். ஆனர்ஸ் என்றால் மூன்று வருடம். பாடம் கடினம். ஆள் எடுப்பதும் குறைவு. முடித்தவர்களை எம்.ஏ.வுக்குச் சமமாக மதித்தார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் 'பி.ஏ. (ஆனர்ஸ்)' என்று போர்டு மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொள்ள நியாயமும் இருந்தது.

அந்த முறை போய்விட்டது. போர்டில் இருந்த மரியாதை மட்டும் தாத்தா வாய்வழியாகப் பேரன் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

டெல்லி சரக்கு வேறு

டெல்லியில் பி.காம். ஆனர்ஸ் நெடுநாளாக நடக்கிறது. 1926-ல் தொடங்கிய ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரிக்கு அதுதான் அடையாளம். 2021-ல் அங்கே முதல் பட்டியலில் பி.காம். ஆனர்ஸுக்குக் கேட்ட மார்க் நூற்றுக்கு நூறு! ஒரு மார்க் குறைந்தவன்கூட உள்ளே நுழைய முடியவில்லை. அடுத்த வருடம், 2022-ல், பொது நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ்-2 மார்க்கை வைத்து ஆள் எடுத்த காலம் அதோடு முடிந்தது.

அதே வருடம் டெல்லிப் பல்கலைக்கழகம் நாலு வருடப் படிப்புக்கும் மாறியது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டப்படி, மூன்று வருடத்துக்கு 120 கிரெடிட். அது சாதா டிகிரி. நாலு வருடம் படித்து 160 கிரெடிட் எடுத்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நாலாம் வருடத்தில் ஆராய்ச்சியும் செய்யலாம்.

ஆக, டெல்லிக்குப் போகிற பிள்ளை நாலாவது வருடத்துக்கான ஹாஸ்டல் செலவையும் இப்போதே கணக்கில் வைக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இங்கே கிடைப்பது என்ன?

சென்னையில் ஆனர்ஸ் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது. பீஸ் உதவி பெறும் பிரிவைப் போலப் பல மடங்கு.

சில காலேஜில் உண்மையாகவே பாடம் கூடுதல். காஸ்டிங், வருமான வரி, கம்பெனி கணக்கு எல்லாம் ஆழமாகப் போகும். பையனைப் பிழிந்து எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்த பிள்ளைக்குக் கொடுத்த பணம் வீண் இல்லை. மேல்படிப்பு, ஆராய்ச்சி, வெளிநாடு என்று போகிறவர்களுக்கு அந்த அஸ்திவாரம் நன்றாகவே உதவும்.

வேறு சில இடங்களில் பெயர்தான் ஆனர்ஸ். உள்ளே இருப்பது பக்கத்து வகுப்பில் நடக்கிற அதே பாடம். மேலட்டையை மாற்றிய பழைய கோனார் நோட்ஸ் மாதிரி!

எது எப்படி என்று கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. இரண்டு பாடத்திட்டத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுக்கும் டிகிரி சர்டிபிகேட்டில் 'ஆனர்ஸ்' என்று அச்சாகி வருமா? வரும் என்றால் போன வருடம் முடித்த மாணவரின் சர்டிபிகேட்டைக் காட்டச் சொல்லலாம். காட்டத் தயங்கினால் அப்பாக்கள் கைப்பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

ஆடிட்டர் ஆக ஆனர்ஸ் வேண்டுமா?

வேண்டாம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

சி.ஏ. படிக்க இரண்டு வழி. பிளஸ்-2 முடித்ததும் பவுண்டேஷன் பரீட்சை எழுதலாம். நாலு பேப்பர். அல்லது பி.காம். முடித்துவிட்டு, 55 சதவீதம் இருந்தால், பவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். அந்த 55 சதவீதம் சாதா பி.காம்.முக்கும் அதுதான், ஆனர்ஸுக்கும் அதுதான். ஆடிட்டர் ஆபீசில் பெறும் பயிற்சிக் காலம் 2023-ல் வந்த புதிய முறைப்படி மூன்று வருடத்தில் இருந்து இரண்டாகக் குறைந்தது. அந்தக் குறைப்பும் எல்லோருக்கும் பொது.

பாங்கி ஆபீசர் பரீட்சைக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4க்குப் பத்தாவது பாஸ் போதும். அங்கெல்லாம் ஆனர்ஸுக்குத் தனி நாற்காலி கிடையாது.

சி.ஏ. குறி வைத்த பிள்ளைக்கு வேண்டியது நேரம். சென்னையில் பல காலேஜ் இரண்டு ஷிப்டாக நடக்கிறது. மதியம் ஷிப்ட் கிடைத்தால் காலையில் கோச்சிங் போகலாம். பாடச்சுமை அதிகமான ஆனர்ஸையும் சி.ஏ.வையும் ஒரே தோளில் ஏற்றினால் சில பையன்கள் தாங்குவார்கள். சிலர் இரண்டிலும் அரியர் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளையின் தோள் எப்படிப்பட்டது என்று பெற்றவர்களுக்குத்தானே தெரியும்?

பையனுக்கு ஆனர்ஸ், பெண்ணுக்கு 'ஏதோ ஒரு டிகிரி' என்று பிரிக்கிற வீடும் உண்டு. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து, 1933-ல் கணக்குப் பரீட்சை பாஸ் செய்து, நாட்டின் முதல் பெண் ஆடிட்டராக ஆன ஆர்.சிவபோகம் இந்தச் சென்னையில் தொழில் நடத்தியவர்தான். அந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

"சீட்டு வாங்கித் தர்றேன்"

இந்தச் சீசனில் காலேஜ் டீக்கடையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருப்பார். "ஆனர்ஸ் சீட்டா? மேனேஜ்மெண்டில் நமக்கு ஆள் இருக்கு. பாதி இப்ப, மீதி அப்புறம்" என்பார். பாதி வாங்கியதும் போன் சுவிட்ச்-ஆப்!

நன்கொடை வாங்குவதைத் தடுக்க இந்த மாநிலத்தில் 1992-லேயே சட்டம் வந்தாச்சு. ரசீது இல்லாமல் வாங்கும் பணம் காலேஜுக்கே போனாலும் குற்றம், புரோக்கருக்குப் போனாலும் குற்றம். ஆனால் பணம் பறிகொடுத்தவர்களில் பலர் போலீஸ் நிலையத்துக்கு வருவதே இல்லை. "பையன் படிப்பு கெட்டுடும் சார்" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். புரோக்கருக்கு அதுதான் மூலதனம்.

வண்ணாரப்பேட்டைக்காரர் தப்பித்தார். அவர் புரோக்கரிடம் போகவில்லை. சீட்டு மார்க்கிலேயே கிடைத்தது. பையன் இப்போது ஆனர்ஸ் மாணவன்.

கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு மாதாமாதம் காட்ட வேண்டும். கெடு 20-ந்தேதி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததில் இருந்து அவர் பில் கட்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் ஆபீசுக்கு ஓடுகிறவர். இந்த மாதம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் பையனையும் ஏற்றிக்கொண்டார்.

"அங்க கம்ப்யூட்டர்ல என்ன தட்டுறாங்கன்னு பாத்துக்கடா. அடுத்த மாசம் நீ தட்டு. உங்கம்மா சங்கிலிக்கு வட்டியாவது மிச்சமாகட்டும்."