பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாதா?

"பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது." பள்ளியில் படித்த இந்த வரியைப் பலர் இன்றும் மாறாத விதியாகவே நம்புகிறார்கள். மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக்கான பாலி அனிலீனைக் காட்டி மறுத்தால் அவர்கள் சொல்லும் நான்கு வாதங்களைப் பார்ப்போம்.

1. "கடத்தினால், அது உள்ளே கலந்த கரித்தூளின் வேலை."

பாலி அனிலீனில் கரித்தூளும் இல்லை, உலோகமும் இல்லை. பென்சீன் வளையங்களை நைட்ரஜன் அணுக்கள் கோத்த சங்கிலி அது. பச்சை நிறத்தில் இருக்கும்போது அதன் கடத்துதிறன் செ.மீ.க்குச் சில சீமென்ஸ். அம்மோனியாக் கரைசலில் போட்டால் பச்சை நீலமாகும். கடத்துதிறன் ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு சரியும். அமிலத்தில் நனைத்தால் நிறமும் திரும்பும், கடத்தலும் திரும்பும். அமிலத்தின் புரோட்டான் நைட்ரஜனில் ஏறுவதால்தான் சங்கிலியில் மின்னூட்டம் நகர வழி பிறக்கிறது. கரித்தூள் இப்படி மாறி மாறி நடந்துகொள்ளுமா?

2. "இதைத் தயாரிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும்."

2.59 கிராம் அனிலீன் ஹைட்ரோகுளோரைடு, 5.71 கிராம் அம்மோனியம் பெர்சல்பேட். தனித்தனியே நீரில் கரைத்து 50 மி.லி. ஆக்கி, அறை வெப்பநிலையிலேயே ஒன்றாகக் கலக்க வேண்டும். நிறமற்ற கரைசல் நீலமாகி, சில நிமிடங்களில் கரும்பச்சை வீழ்படிவு இறங்கும். அனிலீன் நச்சு, கையுறையும் கவனமும் தேவை. மற்றபடி கல்லூரி ஆய்வகமே போதும்.

3. "1977இல் திடீரென்று கிடைத்த புதுமை இது."

அந்த ஆண்டில் வெளியானது வளையமே இல்லாத பாலி அசிட்டிலீன் பற்றிய ஆய்வு. அதன் வழியே ஹீகர், மெக்டையார்மிட், ஷிரகாவா மூவரும் 2000இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் லண்டனில் ஹென்றி லெதபி 1862லேயே அமிலத்தில் கரைத்த அனிலீனில் மின்சாரம் செலுத்தி, மின்முனையில் நிறப் படிவைக் கண்டிருந்தார். பாலி அனிலீனின் கடத்துதிறனைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1960களில் அளந்துவிட்டார்கள்.

4. "செம்புக்கு ஈடாகாது; ஆகவே பயனில்லை."

செம்பின் கடத்துதிறன் செ.மீ.க்குச் சுமார் 6 லட்சம் சீமென்ஸ். ஈடாகாது என்பது உண்மைதான். பயனில்லை என்பது தவறு. கடத்தும் பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றான பெடாட், மின்தேக்கிகளுக்குள் வேலை செய்கிறது; நிலைமின்சாரம் சேராமல் புகைப்படச் சுருளைப் பாதுகாத்திருக்கிறது.

வளையம் இருந்தாலே கடத்தும் என்றும் நான் சொல்லவில்லை. செல்போன் பழுதுபார்ப்பவர் ஒட்டும் தேன்நிற பாலி இமைடு டேப்பிலும் அரோமேட்டிக் வளையங்கள் உண்டு. அது முதல்தரமான மின்காப்பு. எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவ இடம் உண்டா என்பதே கேள்வி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் மின்சாரத்தைக் கடத்தா" என்று சொல்லிக்கொடுங்கள். அந்த ஒரு சொல் சேர்ந்தால் பாடம் உண்மையாகிவிடும்.