மண்டபத்தின் வழக்கு

"பையனை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமென்று இருக்கிறேன். எந்த வழக்கில் நல்ல வரும்படி?" என்று விசாரிக்கும் தகப்பனார்களுக்கு இன்று பட்டணத்தில் ஒரு புதிய பதில் கிடைக்கிறது. பாஸ்போர்ட், விசா, குடியுரிமை ஆகியவைதாம் அந்தப் பதில். லண்டனிலும் டொரான்டோவிலும் இதற்கென்றே அலுவலகம் வைத்து நடத்தும் தமிழ் வக்கீல்கள் இருக்கிறார்கள். கௌரவமான தொழில்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு மிகவும் தேவையுள்ள இடம் லண்டனா, அல்லது நம் ராமநாதபுரம் சீமையிலுள்ள மண்டபமா என்பதை வாசகர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

இத்தொழிலுக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. ஒரு வியாபாரியின் வழக்குக்காக 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற இளம் பாரிஸ்டர் காந்தியிடம் அடுத்த ஆண்டு பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி வந்து நின்றார். முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிந்தது. முண்டாசு தலையில் இல்லை, கையில் இருந்தது. காந்திஜி முதலில் டாக்டரிடம் அனுப்பி அத்தாட்சி வாங்கினார். பிறகு மாஜிஸ்ட்ரேட்டிடம் அழைத்துச் சென்றார். முடிவில் அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றி வைத்தார். பின்னாளில் ஜோஹானஸ்பர்க் நகரில் அலுவலகம் வைத்தபோது, ஆசியர்களுக்கான பதிவுச் சீட்டு விவகாரமே அவருடைய பெரிய வழக்காயிற்று. 1908 ஆகஸ்டில் அந்தச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் எரிக்கப்பட்டன. ஏழையின் தலையெழுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கியிருக்கிறது என்பதை அறிந்தவரே இந்தத் தொழிலுக்கு ஏற்ற வக்கீல்.

மண்டபத்துக்கு இது புதுச் செய்தியல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் கப்பலேறுமுன் தங்கவைக்கப்பட்ட முகாம் இங்கேதான் இருந்தது. அதை நடத்தியது இலங்கை சர்க்கார். ஊசி, வைத்திய சோதனை எல்லாம் முடிந்த பிறகே ரயிலேற்றித் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து தலைமன்னார் சுமார் 18 மைல். கடல் குறுகியதுதான், ஆனால் அதைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்விக்கு முக்கால் நூற்றாண்டாகியும் முழு விடை கிடைக்கவில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948-இல், பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் அதன்படி நாடற்றவரானார்கள். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி விட்டது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் வசித்ததை நிரூபிக்க வேண்டும். கைநாட்டு வைக்கும் தொழிலாளி எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பார்? 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. உரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேரே. கோடக்கன் பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கவேண்டுமென்று தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1953-இல் அது தள்ளுபடியானது. எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்ற அரசியல் சட்டத்தின் 29-வது பிரிவு அவருக்குக் கைகொடுக்கவில்லை.

பிறகு 1964 அக்டோபர் 30-இல் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த மீதியையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் நெல் மூட்டை பங்கிடுவதுபோல மனிதர்களைப் பங்கிட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது. உனக்கு எந்த ஊர் வேண்டும் என்று தொழிலாளியைக் கேட்டபிறகு போடப்பட்ட ஒப்பந்தமல்ல அது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதமாவதற்குள், அதே ஆண்டு டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. கப்பல் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிற்று. இலங்கைக் கலவரத்தை அடுத்து 1984-இல் அதுவும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏராளமானோர் அக்கரையில் தங்கிப்போனார்கள். அவர்களிலும் அவர்கள் மக்களிலும் பலர் பின்னர் அகதிகளாகப் படகேறி வந்து மணற்கரையில் இறங்கினார்கள். ஒப்பந்தப்படி வந்திருந்தால் பிரஜை; உயிருக்குப் பயந்து வந்ததால் அகதி! விதியின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இது சட்டத்தின் பிழை. சட்டத்தாலேயே திருத்தப்பட வேண்டியது.

வக்கீலின் அருமை தெரிவது இங்கேதான். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. இதை எடுத்துக்காட்டி வழக்காடியதன் பேரில், பாஸ்போர்ட் வழங்குமாறு 2022-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 பொதுத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். சட்டம் அத்தனை ஆண்டும் புத்தகத்தில் இருந்தது; அதை எடுத்துப் படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

எல்லோருக்கும் வழி இவ்வளவு சுலபமல்ல. 2003-இல் செய்யப்பட்ட திருத்தம், உரிய தாள் இன்றி வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று வகுத்து, விண்ணப்பிக்கும் கதவை அடைத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமூகத்தாருக்குக் கதவைத் திறந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குத் திறக்கவில்லை. அதே 2019 ஜூனில், இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் கொண்டுவந்த வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களைச் சர்க்கார் பரிசீலிக்க வேண்டுமென்று மதுரைக் கிளை கூறியது. 2025 செப்டம்பரில் வந்த விதிவிலக்கு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளைப் பாஸ்போர்ட், விசா நிபந்தனையிலிருந்து விடுவித்திருக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தண்டனையிலிருந்து விடுதலை வேறு, குடியுரிமை வேறு. திண்ணையில் படுக்க அனுமதி கிடைத்ததை வீட்டுப் பத்திரம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

2021-இல் அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. நல்ல மனத்துடன் செய்த காரியம். பெயருக்கேற்ற வாழ்வு வரவேண்டுமானால், முகாமுக்கு வக்கீல் வரவேண்டும். தோட்டத்துப் பதிவேடு, கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, பாட்டனாரின் பழைய பாஸ்போர்ட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எனத் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் தாள்களை வரிசைப்படுத்தி, இன்னாருக்கு இந்தப் பிரிவு பொருந்தும், இன்னாருக்கு அது பொருந்தாது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில்தான் தரகர் நுழைகிறார். வெளிநாடு அனுப்புகிறேனென்று காசு பறிக்கிறார். அல்லது ஓட்டைப் படகில் ஏற்றுகிறார்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதன்கீழ் இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, குடியுரிமைச் சட்டம் தெரிந்த வக்கீலை மண்டபத்தில் குறிப்பிட்ட நாட்களில் உட்கார வைக்கட்டும். ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் குடும்பம் குடும்பமாகத் தாள்களைப் பார்த்துக் குறிப்பெழுதட்டும். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் யார், ஒப்பந்தத்தில் பெயர் வந்த குடும்பம் எது, இலங்கைக்கே திரும்ப விரும்புகிறவர் யார் என்று பிரித்தறிந்தாலே பாதி வழக்கு முடிந்தது மாதிரி. மீதிப் பாதி டெல்லியின் கையில் இருக்கிறது. அதைக் கேட்பதற்கும் தகுந்த ஆதாரம் கையில் வேண்டுமல்லவா?

பட்டணத்தில் பெரிய அலுவலகம் வைத்துச் சம்பாதிக்கும் வக்கீல்களை நாம் குறைகூறவில்லை. ஆண்டுக்குச் சில நாட்கள் ரயிலேறிப் பாம்பன் பாலத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்குங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். அங்கே உங்களுக்கு ஃபீஸ் கொடுக்க எவரிடமும் பணமில்லை. காட்டுவதற்குத் தாள்கள் மட்டும் இருக்கின்றன. மூன்று தலைமுறையாக மடித்து மடித்துக் கிழிந்துபோன தாள்கள்.