கட்டணம் மட்டும் போதாது, கரையேற்ற வேண்டும்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம் கடை போட்டிருப்பவர்களுக்கு ஆண்டு வருமானம் என்று தனியாக ஒன்று கிடையாது. சீசன் வருமானம்தான். ஜூனில் மலையில் மழை பிடித்து ஆகஸ்ட் வரை சாரல் விடாமல் இருந்தால் நேந்திரம் சிப்ஸும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றுத் தீரும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். மழை ஏமாற்றினால் கடன். மழை மிஞ்சினாலும் நட்டம்தான். அருவியில் தண்ணீர் புரண்டதும் குளிக்கத் தடை விழும், வந்த கூட்டம் கலைந்துவிடும். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றதை இந்த வட்டாரம் மறக்கவில்லை.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சீசன் பொய்க்கிறது, பொய்த்தால் ஒரு கடைக்கு எவ்வளவு இழப்பு, அதை ஈடுகட்ட அந்தக் கடைக்காரர் ஆண்டுக்கு எவ்வளவு கட்டினால் போதும் என்று கணக்கிட்டுச் சொல்பவர் ஆக்சுவரி. தமிழில் காப்பீட்டுக் கணிப்பாளர் என்கிறோம். இது வெறும் கற்பனைக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2003இல், அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் நிலக்கடலை, ஆமணக்கு பயிரிட்டவர்களுக்கு மழையளவை மட்டுமே வைத்து இழப்பீடு தரும் காப்பீடு தொடங்கப்பட்டது. மழைமானி காட்டிய அளவு குறைந்தால் பணம் வரும். வயலை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. வறண்ட மகபூப்நகருக்குப் போட முடிந்த கணக்கைச் சாரலை நம்பிப் பிழைக்கும் குற்றாலத்துக்கும் போடலாம். போடத் தெரிந்தவர் இங்கே வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைக் கற்றுத்தரும் படிப்பு இப்போது கைப்பேசி வழியாகத் தென்காசி மாவட்டத்து வீடுகளுக்கு வந்துவிட்டது. பிளஸ் டூ முடித்திருந்தால் போதும், வீட்டிலிருந்தே படித்து ஆக்சுவரி ஆகலாம் என்று இணையவழிப் பயிற்சி வகுப்புகள் அழைக்கின்றன. இந்த வாய்ப்பை நாம் மனமார வரவேற்கிறோம். அதே வேளையில், இதைத் தனியார் விற்பனையாளர்களின் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதே நம் உறுதியான கருத்து. இந்த மாவட்டத்துக் கல்லூரிகளும் தமிழக அரசும் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 2006ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டப்படி அமைந்த இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம்தான் இதற்கான தேர்வுகளை நடத்துகிறது. உள்ளே நுழைய ‘ஏசெட்’ என்ற பொது நுழைவுத் தேர்வு: 3 மணி நேரம், 100 மதிப்பெண், கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கம். நம் பிளஸ் டூ கணிதப் பாடநூலில் நிகழ்தகவுப் பரவல்களுக்கு ஓர் இயலே இருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்த நுழைவுத் தேர்வு எட்டாத உயரம் இல்லை.

ஏற்றம் அதற்குப் பிறகுதான். 2019 பாடத்திட்டப்படி முழுத் தகுதி பெற 13 தாள்கள். ஆயுள் அட்டவணை, ஆண்டுத்தொகை, கூட்டு வட்டியின் நீண்ட கணக்குகள், புள்ளியியல் மாதிரிகள், பொருளியல், நிறுவன நிதி என்று அது விரியும். தொடக்கத் தாள்களிலேயே ஒன்றில் ‘ஆர்’ மென்பொருளிலும் இன்னொன்றில் எக்செலிலும் கணினியில் உட்கார்ந்து விடை எழுத வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவர்கள் எல்லாத் தாள்களையும் முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். நன்றாகப் படிப்பவர்களும் சில தாள்களில் இரண்டு, மூன்று முறை தோற்பது சாதாரணம். இத்தனையும் தாண்டி முழுத் தகுதி பெற்றவர்கள் நாடு முழுவதும் சில நூறு பேர் என்ற அளவிலேயே இருக்கிறார்கள்.

விளம்பரங்கள் இந்த ஏற்றத்தைச் சொல்வதில்லை. சம்பளத்தைச் சொல்கின்றன. உச்சியில் இருப்பவரின் சம்பளத்தைக் காட்டி, அடிவாரத்தில் நிற்கும் பிள்ளையிடம் கட்டணம் கேட்பது நேர்மையில்லை. கைப்பேசித் திரையில் காணொளி பார்த்தே இந்தப் படிப்பை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை விதைப்பது அதைவிட மோசம். மடிக்கணினி இல்லாத வீட்டில் கணினித் தாளுக்குப் பயிற்சி எடுக்க முடியாது. இரண்டு, மூன்று தாள் முடித்தும் முதல் வேலை கிடைக்காமல் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதையும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

பயிற்சித் துறையில் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய்யாகச் சொல்லக் கூடாது. வெற்றி பெற்றவர் படத்தைப் போட்டால் அவர் எந்தப் பயிற்சியை எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என்கின்றன அவை. ஆக்சுவரி பயிற்சிக்கு ஒரு படி மேலே போக வேண்டும் என்போம். எந்தத் தாளுக்கு எத்தனை பேரைச் சேர்த்தோம், எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று தாள்வாரியாக ஒவ்வொரு பயிற்சி நிறுவனமும் வெளியிட வேண்டும். நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கும் இடம் தன் மாணவரின் நிகழ்தகவை மறைத்தால், அங்கே படிக்க என்ன இருக்கிறது?

இந்தப் படிப்பு இந்த மண்ணுக்கு ஏன் இவ்வளவு வேண்டும் என்று கேட்கலாம். கடையநல்லூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். அவர்களில் வருங்கால வைப்பு நிதியில் சேர்க்கப்பட்டவர்கள் முதுமையில் எதிர்பார்ப்பது 1995ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தை. அதில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அதை உயர்த்துங்கள் என்று கேட்கும்போதெல்லாம் நாடாளுமன்றத்தில் வரும் பதில், ஆக்சுவரி மதிப்பீட்டின்படி நிதியில் பற்றாக்குறை இருக்கிறது என்பதுதான். ஒரு பீடித் தொழிலாளியின் முதுமைக் கஞ்சியை ஓர் ஆக்சுவரியின் கணக்குத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கைப் படித்து, எந்த அனுமானம் சரி, எது மிகை என்று கேட்கத் தெரிந்த ஒருவர்கூட அந்தத் தெருவில் இல்லை. கேள்வி கேட்கவே கணக்குத் தெரிய வேண்டியிருக்கிறதே!

நெல் போட்டவருக்கும் இதே நிலைதான். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரிப் பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபி பருவத்தில் ஒன்றரை, தோட்டப் பயிருக்கும் பணப் பயிருக்கும் 5. மீதி பிரீமியம் அரசுகள் தருவது, அதாவது நம் வரிப்பணம். மொத்த பிரீமியம் எவ்வளவு என்பது ஆக்சுவரி கணக்கு. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்கள் பழைய ஓய்வூதியம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடியதன் அடியிலும் இருப்பது ஆயுள் அட்டவணையும் வட்டி விகிதமும்தான். வாழ்க்கையின் இத்தனை மூலைகளில் புழங்கும் ஒரு கணக்கைப் பெருநகரங்களில் சில நூறு பேர் மட்டும் போட்டுக்கொண்டிருப்பது நல்லதில்லை.

யார் கணக்குப் போடுகிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1818இல் கல்கத்தாவில் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி தொடங்கியது. 1829இல் சென்னை மாகாணத்தில் மெட்ராஸ் எக்விடபிள் ஆயுள் காப்பீடு விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்து வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்திய உயிர்களைத் தரம் குறைந்தவையாகக் கருதின. காப்பீடு தர இசைந்தபோதும் கூடுதல் பிரீமியம் வசூலித்தன. 1870இல் பம்பாய் மியூச்சுவல் வந்த பிறகுதான் இந்தியருக்கும் சாதாரண விகிதம் கிடைத்தது. நம்மவர் மேசையில் உட்கார்ந்த பிறகே நம் உயிருக்கு நியாயமான விலை போடப்பட்டது என்று இதைச் சொல்லலாம். தென்காசியின் பீடிக்காரம்மாவும் ஐந்தருவிக் கடைக்காரரும் இன்னும் அந்த மேசைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? குற்றாலத்திலேயே இந்து சமய அறநிலையத் துறையின் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரத்திலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் கணிதப் பட்டதாரிகளை ஆண்டுதோறும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணில் படும் வழிகள் இரண்டு: பி.எட்., இல்லையென்றால் டி.என்.பி.எஸ்.சி. மூன்றாவது வழியாக இந்தத் தேர்வின் முதல் இரண்டு, மூன்று தாள்களைக் கல்லூரியிலேயே, பட்டப்படிப்போடு சேர்த்து நடத்தலாம். காணொளியில் வரும் நிபுணர் எங்கிருந்து வேண்டுமானாலும் பேசட்டும். பக்கத்தில் அமர்ந்து, ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் விளக்கி, தப்பைத் திருத்தித் தர ஓர் ஆசிரியர் இங்கே இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குத் தடை கணிதத்தில் இல்லை, கேள்வியின் மொழியில்தான். அந்த ஒரு தடையை ஓராண்டுப் பொறுமையான கற்பித்தல் நீக்கிவிடும்.

தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இந்தப் பயிற்சியைச் சேர்க்க வேண்டும். தாளுக்குத் தாள் கட்டும் தேர்வுக் கட்டணம்தான் ஏழைக் குடும்பத்தை நடுவழியில் நிறுத்துவது. தேறிய தாளுக்கான கட்டணத்தை அரசு திருப்பித் தரட்டும். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காக நூலகங்களில் கணினி மேசைகளை ஒதுக்கட்டும். இணையவழிக் கல்வியை நேர்மையாக நடத்த முடியும் என்பதற்கு சென்னை ஐஐடி முன்மாதிரி தந்திருக்கிறது: 2020இல் தொடங்கிய அதன் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பாடம் வீட்டுக்கு வருகிறது, தேர்வை மையத்துக்குப் போய் எழுத வேண்டும், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஆக்சுவரி பயிற்சிக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

ஆங்கிலம் தெரியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்த விபரீத ஆசை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் செங்கோட்டையைப் பார்க்கட்டும். பீடி சுற்றும் தாயின் மகள் ஒருவர் ஊர் நூலகத்தில் படித்து, 2024 ஏப்ரலில் வெளிவந்த குடிமைப் பணித் தேர்வு முடிவில் தேர்வானார். வேலை எல்லாம் மும்பையிலும் பெங்களூரிலும்தானே என்பவர்கள் மத்தளம்பாறையைப் பார்க்கட்டும். ஐந்தருவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் உலகம் முழுவதற்கும் மென்பொருள் செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் எழுத முடிந்த இடத்திலிருந்து ஆயுள் அட்டவணை போட முடியாதா?

வேலைகள் குறைவு என்ற கவலையை மட்டும் நாம் தள்ளிவிட மாட்டோம். அது உண்மை. அதனால்தான் முழுக் கட்டணம் கட்டி மூன்றாண்டை இதற்கென்றே ஒதுக்குவதைவிட, பட்டப்படிப்போடு சேர்த்து இரண்டு தாள் எழுதிப் பார்ப்பது நல்லது என்கிறோம். தொடர முடியாமல் போனாலும் அந்தப் புள்ளியியலும் ‘ஆர்’ மென்பொருளும் வங்கியிலோ தரவு ஆய்விலோ கைகொடுக்கும். போட்ட முதல் மோசம் போகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் முன், ஆக்சுவரிகள் நிறுவனம் இலவசமாக வெளியிட்டிருக்கும் பழைய வினாத்தாள்களைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு மாதம் அவற்றோடு போராடட்டும். பிடித்திருந்தால் பயிற்சிக்கு அனுப்புங்கள். அங்கேயும் தாள்வாரியான தேர்ச்சிக் கணக்கையும், பாதியில் விலகினால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

மாவட்ட ஆட்சியரும் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் கல்லூரி முதல்வர்களும் ஒருமுறை கூடிப் பேசினால் போதும், இதைத் தொடங்கிவிடலாம். புதிய கல்வியாண்டு ஜூனில் பிறக்கிறது. சாரலும் அப்போதுதான் வரும். அதற்குள் குற்றாலத்தில் முதல் வகுப்புக்கு முப்பது மாணவிகளைச் சேர்த்துவிடுங்கள்.