முறுக்குக்கு வழிவிடும் இரைப்பை

எடை குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி நம் வீடுகளில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வயிற்றைத்தான் வெட்டிச் சின்னதாக்கியாயிற்றே, இனி எதைத் தின்றாலும் கொஞ்சம்தான் இறங்கும், கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது என்பதே அது. வீட்டில் இருக்கும்வரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய உணவு அட்டவணை இந்த எண்ணத்தை அடக்கி வைத்திருக்கும். கார் தாம்பரத்தைத் தாண்டியதும் கட்டு அவிழ்ந்துவிடும். "ஊருக்குப் போறப்பக்கூடவாடா கணக்குப் பார்ப்பே? ஒரு வாய்தானே!" என்று பின்சீட்டிலிருந்து பெரியம்மா பொட்டலத்தை நீட்டுவார்.

அன்பாகச் சொல்வதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் இது தவறான எண்ணம். வேறெந்த இடத்தையும்விட நெடுஞ்சாலையில்தான் இது அதிகக் கெடுதல் செய்கிறது.

இந்த அறுவை சிகிச்சையின் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்கு மேலுமோ நீக்கிவிட்டு, மிச்சத்தைக் குழாய்போல் ஆக்கிவிடுகிறார்கள். பைபாஸ் முறையில் (இதய பைபாஸோடு இதைக் குழப்பிக்கொண்டு நெஞ்சில் தழும்பைத் தேடும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு) சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். இரண்டுமே தடுத்து நிறுத்துவது கெட்டியான உணவைத்தான். கோழித் துண்டும் பனீரும் கொண்டைக்கடலையும் உள்ளே தங்கும். நாலைந்து வாயிலேயே போதும் என்றாகிவிடும். முறுக்கு அப்படித் தங்காது. மென்றதும் கூழாகி வழுக்கிக்கொண்டு இறங்கும், அடுத்த முறுக்குக்கு இடம் கிடைக்கும். ஐஸ்கிரீம், பழச்சாறு, பால்கோவா எல்லாம் இதே ரகம். 100 கிராம் முறுக்கில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கிறது. செங்கல்பட்டில் பிரித்த பொட்டலம் திருச்சிக்குள் காலியாகப் பெரிய வயிறு தேவையில்லை, சும்மா இருக்கும் ஒரு கை போதும். கொஞ்சம், கூடுதல் என்பதெல்லாம் ஒரு வேளைக்குச் சொல்லும் கணக்கு. காரில் ஏது வேளை? ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரே வேளைதான்.

அடுத்து வருவது இட்லி. "இட்லி லேசானது, ஆஸ்பத்திரியிலேயே குடுப்பாங்க" என்று விக்கிரவாண்டியில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுப்பார்கள். ஓர் இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் புரதம். இரண்டிலேயே வயிறு நிறைந்துவிட்டால் கிடைத்தது 4 கிராம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். இட்லிமேல் எனக்குப் பகை இல்லை. முழு வயிறு உள்ளவர் மூன்று பரோட்டாவுக்குப் பிறகும் ஓர் ஆம்லெட்டுக்கு இடம் வைத்திருப்பார். இவருக்கு அந்த வசதி கிடையாது. முதலில் எது போகிறதோ அதுதான் சாப்பாடு. எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்ற சலுகை யாருக்காவது உண்டென்றால் அது பெரிய வயிற்றுக்காரருக்குத்தான்.

வாழை இலையில் இனிப்பில் தொடங்கித் தயிரில் முடிக்கிறோம். இவர் அதைத் தலைகீழாக்கி, தயிரையும் முட்டையையும் பருப்பையும் முதலில் முடித்துவிட்டு, இடமிருந்தால் சோற்றைத் தொட வேண்டும். பரிமாறுபவர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

ரோட்டுக் கடையில் இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த சாக்கு. முட்டை இல்லாத பரோட்டாக் கடை எங்கே இருக்கிறது? கொங்குப் பக்கம் போனால் சால்னா ஊற்றிய கலக்கி கிடைக்கும். அரைவேக்காடு வேண்டாமென்றால் ஃபுல் பாயில் கேட்கலாம். மீன் குழம்பில் குழம்பை விட்டுவிட்டு மீனை எடுத்துக்கொள்ளலாம். சைவ ஓட்டலிலும் ஒரு கப் தயிர் கேட்டால் தருவார்கள். சாம்பாரை அடியிலிருந்து கலக்கி ஊற்றச் சொன்னால் பருப்பும் வரும். கிடைக்காதது நேரம்தான். "வண்டி பதினஞ்சு நிமிஷம் நிக்கும்" என்று கண்டக்டர் குரல் கொடுக்கும் மோட்டலில் இவரால் சாப்பிட முடியாது. கூழாகும்வரை மென்று தின்ன இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். அவசரத்தில் விழுங்கிய பரோட்டா நெஞ்சில் அடைத்து வாந்தியில்தான் முடியும். பஸ்ஸில் போகிறவர் வேகவைத்த முட்டையோ சுண்டலோ டப்பாவில் எடுத்துக்கொண்டு, மோட்டல் வருமுன்பே நிதானமாக முடித்துவிட வேண்டும். முட்டை வாசனைக்கு முகம் சுளிக்கும் பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

பைபாஸ் செய்துகொண்டு தாமே வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்த ஒரு வாய் இனிப்பு இன்னும் ஆபத்தானது. சர்க்கரை நேரே சிறுகுடலுக்குள் போய் விழுந்தால் அங்கே நீரை இழுக்கும். பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. சிலருக்கு இது தாமதமாக வரும். ஏறிய சர்க்கரையைக் கண்டு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்க, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரியும். விக்கிரவாண்டியில் அல்வா சாப்பிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவருக்குப் பெரம்பலூர் வருமுன் கண் இருட்டினால், காரில் இருக்கும் அத்தனை பேரும்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் தவறான எண்ணத்தைவிட நாற்றம்தான் எதிரி. மோட்டல் கழிப்பறைகளுக்குப் பயந்து, புறப்படும்போதே தண்ணீரை நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். மற்றவர்கள் வீடு சேர்ந்ததும் ஒரு சொம்பு குடித்து ஈடுகட்டிவிடலாம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களால் அது முடியாது. ஒவ்வொரு மடக்காகத்தான் இறங்கும், சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி கழிந்த பிறகே குடிக்க வேண்டும். பகலில் விட்ட ஒரு லிட்டரை இரவில் பிடிக்கவே முடியாது. இந்த சிகிச்சைக்குப் பின் மீண்டும் மருத்துவமனையில் சேர்பவர்களில் நீர் வற்றிப்போய் வருகிறவர்கள் நிறைய. ஆகவே காரில் உடன் வருகிறவர்கள் தின்பண்டத்தை நீட்டுவதை விட்டுவிட்டு, எந்த பங்க்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று புறப்படுமுன் விசாரித்து வைக்கலாம். ஒரு பங்க்கில் சாவி இல்லை என்றால் அடுத்ததில் நிறுத்துங்கள். ஊருக்கு அரை மணி தாமதமாகப் போனால் சாமி கோபித்துக்கொள்ளாது.